குளிர் இணைவுச் சோதனையில் நியூட்ரான் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் இணைவு என்பது, சூரியனில்போல் பெரும் வெப்பம் இல்லாமலே அணுக்கருக்கள் இணைவதாகச் சொல்லப்படுவது. பல்லேடியம்–கனநீர் மின்னாற்பகுப்பு, நிக்கல்–ஹைட்ரஜன் உலை, நீருக்கடியில் பிளாஸ்மா வில், உயர் மின்னழுத்தத்தால் அயனிகளை மோதவிடும் ஃப்யூசர் என்று மேசைமேல் செய்யும் ஆற்றல் சோதனைகள் பலவகை. "நியூட்ரான் வந்தது" என்று யாராவது சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது, தானே அளக்க விரும்புகிறவர் எங்கெல்லாம் ஏமாறக்கூடும் என்பதே இந்தப் பக்கம். ஆற்றல் அளவுகளுக்கு மெகா எலக்ட்ரான் வோல்ட் (எம்இவி), கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கேஇவி) என்ற அலகுகள் வரும்.

வெப்பம்தானே முக்கியம்? நியூட்ரானை எதற்கு அளக்க வேண்டும்?

இரண்டு டியூட்டீரியம் (கனநீரிலுள்ள கன ஹைட்ரஜன்) அணுக்கருக்கள் இணைந்தால் ஏறத்தாழப் பாதித் தடவை ஹீலியம்-3 உருவாகி, 2.45 எம்இவி நியூட்ரான் ஒன்று வெளியேறும். மீதிப் பாதியில் ட்ரிட்டியமும் (இன்னும் கனமான ஹைட்ரஜன்) 3.02 எம்இவி புரோட்டானும் கிடைக்கும். புரோட்டான் கலத்தின் சுவரைத் தாண்டாது. ட்ரிட்டியம் நீரில் கரைந்துவிடும். நியூட்ரான் மட்டும் கண்ணாடி, எஃகு, நீர் எல்லாவற்றையும் கடந்து வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக ஓர் இணைவுக்கு 3.65 எம்இவி. 1 வாட் வெப்பம் வர நொடிக்கு 1,70,000 கோடி இணைவுகள் நடக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 85,000 கோடி நியூட்ரான்கள் ஒவ்வொரு நொடியும் வெளியேறும். 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது மணிக்குச் சுமார் 10 சீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு). அரை மணி நேரம் நின்றால் உயிர் தப்புவது கடினம். கலத்தின் அருகே நிற்கும் ஆய்வு மாணவர் ஏன் இன்னும் சாகவில்லை என்ற கிண்டல், குளிர் இணைவு அறிவிக்கப்பட்ட 1989-இல் கிளம்பியது இந்தக் கணக்கிலிருந்துதான்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். நொடிக்கு ஒரே ஒரு நியூட்ரானைப் பிடிக்கும் கருவி, 1 வாட்டில் 85,000 கோடியில் ஒரு பங்கு இணைவைக் காட்டிக்கொடுக்கிறது. வெப்பம் அளக்கும் எந்தக் கலோரிமீட்டரும் அதன் கிட்டே வர முடியாது. அதனால்தான் "வெப்பம் வந்தது, நியூட்ரான் வரவில்லை" என்ற முடிவுக்கும் மதிப்பு உண்டு: அந்த வெப்பம் வழக்கமான டியூட்டீரிய இணைவிலிருந்து வரவில்லை என்று அது உறுதியாகச் சொல்கிறது.

எத்தனை நியூட்ரானை எதிர்பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

இதை முதலில் முடிவு செய்யாமல் கருவி வாங்குவதுதான் பணம் வீணாகும் முதல் வழி.

டியூட்டீரிய வாயு நிரப்பி 20–40 கிலோவோல்ட் கொடுக்கும் ஃப்யூசரில் நொடிக்கு லட்சம் முதல் பத்து லட்சம் வரை வரும். அங்கே இணைவு நடக்கிறதா என்ற சந்தேகமே இல்லை, அது நன்கு தெரிந்த இயற்பியல். 2005-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு, லித்தியம் டான்டலேட் படிகத்தைச் சூடாக்கியே டியூட்டீரியத்தை முடுக்கி இணைவை நிகழ்த்தியது. அதன் உச்சம் நொடிக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

மின்னாற்பகுப்புக் கலங்களின் கதை வேறு. 1989 மார்ச் 23 அன்று யூட்டாவில் வேதியியலாளர்கள் ஃப்ளைஷ்மனும் பான்ஸும் குளிர் இணைவைக் கண்டதாக அறிவித்தபோது சொன்ன அளவு நொடிக்கு 40,000 நியூட்ரான். அவர்கள் சொன்ன வெப்பத்தோடு ஒப்பிட்டால் அதுவே கோடி மடங்குக்கும் மேல் குறைவு. அதே ஆண்டு பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் சொன்னது நொடிக்கு ஒன்றுக்கும் கீழே. உங்கள் சோதனை இந்த வகையைச் சேர்ந்தது என்றால் நொடிக்கு 0.1 முதல் 10 வரை பார்க்கக்கூடிய ஏற்பாடு வேண்டும். காஸ்மிக் கதிர்ப் பின்னணியோடு மல்லுக்கட்டும் வேலை அது.

கைகர் கவுண்டர் இருக்கிறது. போதுமா?

போதாது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, சாதாரணக் கைகர் குழாய்க்குள் அது எதையும் அயனியாக்காமல் போய்விடும். கைகர் துடித்தால் அது எக்ஸ் கதிராகவோ காமாவாகவோ இருக்கும். உயர் மின்னழுத்தம் பயன்படுத்துகிறவர்கள் பாதுகாப்புக்காக அதை வைத்துக்கொள்ளட்டும். ஃப்யூசரின் கண்ணாடிச் சாளரம் வழியே வரும் எக்ஸ் கதிர், நியூட்ரானைவிட உடனடி ஆபத்து.

அப்படியானால் எந்தக் கருவி?

தொடர்ந்து எண்ண வேண்டுமென்றால் ஹீலியம்-3 குழாய். மெதுவான நியூட்ரானை ஹீலியம்-3 விழுங்கி, புரோட்டானாகவும் ட்ரிட்டியமாகவும் உடையும். வெளியாகும் ஆற்றல் 764 கேஇவி. பிடிக்கும் வாய்ப்பைச் சொல்லும் குறுக்குப்பரப்பு 5,330 பார்ன் (அதன் அலகு). காமாவுக்குக் கிட்டத்தட்டக் குருடு. விலைதான் கையைக் கடிக்கும்.

போரான் ட்ரைஃபுளூரைடு குழாய் அடுத்தது. போரான்-10 விழுங்கி ஆல்ஃபாவும் லித்தியமும் தரும், பெரும்பாலும் 2.31 எம்இவி. துடிப்பு (நியூட்ரானைப் பிடித்ததும் குழாய் தரும் மின் சைகை) பெரியது என்பதால் காமாவிலிருந்து பிரிப்பது இன்னும் எளிது. ஆனால் 1,500–2,500 வோல்ட் வேண்டும், உள்ளே இருப்பது நச்சு வாயு. கீழே விழுந்து உடைந்தால் அறையை விட்டு வெளியேற வேண்டியதுதான். உட்சுவரில் போரான் பூசிய குழாய்களில் நச்சுத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. ஆனால் அவற்றின் துடிப்பு நிறமாலையில் (எந்த உயரத்தில் எத்தனை துடிப்பு என்ற வரைபடத்தில்) தெளிவான சிகரம் இராது, அதனால் இரைச்சலைக் கண்டுபிடிப்பது சிரமம்.

லித்தியம்-6 கலந்த கண்ணாடி மிளிர்வான்களும் (கதிர் பட்டால் ஒளிர்பவை) உண்டு. சிறியவை, வேகமானவை. ஆனால் காமாவையும் பார்க்கும். காமா அதிகமுள்ள இடத்தில் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது.

குழாயைக் கலத்தின் பக்கத்தில் வைத்தேன், ஒன்றும் எண்ணவில்லை. ஏன்?

தணிப்பான் இல்லை. மேலே சொன்ன குறுக்குப்பரப்புகள் எல்லாம் அறை வெப்பநிலைக்கு மெதுவாகிவிட்ட நியூட்ரானுக்கு உரியவை. 2.45 எம்இவி வேகத்தில் வருவது குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹைட்ரஜன் நிறைந்த பொருளில் மோதவிட்டு அதை வேகம் குறைக்க வேண்டும்.

உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் சிறந்தது. கலத்தை நோக்கிய பக்கம் 5–6 செ.மீ., பின்பக்கம் 10 செ.மீ. போதும். முன்பக்கத்தை 15 செ.மீ. ஆக்கினால் நியூட்ரான் குழாயை எட்டும் முன்பே பிளாஸ்டிக்கில் தங்கிவிடும், எண்ணிக்கை குறையும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகைகளை அடுக்கித் துளையிட்டாலே நல்ல தணிப்பான் ஆகும். அவை பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோ, இரண்டும் பரவாயில்லை. பாரஃபின் மெழுகும் வேலை செய்யும், சூடான கலத்தின் அருகே மட்டும் வைக்காதீர்கள்.

பிவிசி குழாயைத் தணிப்பானாகவோ உறையாகவோ பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குளோரின் மெதுவான நியூட்ரானைத் தின்னும். நீர்க்குழாய்க்கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, பாதி எண்ணிக்கையை அதற்குத் தாரை வார்ப்பவர்கள் அதிகம். "போரான் கலந்த பாலிஎத்திலீன்" என்று விற்பது கவசத்துக்கு, தணிப்புக்கு அல்ல.

மின்னழுத்தத்தையும் வரம்பையும் எப்படி அமைப்பது?

குழாயின் தரவுத்தாளில் உள்ள மின்னழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். ஹீலியம்-3 குழாய்களுக்குப் பொதுவாக 1,000–1,800 வோல்ட். பிறகு வெறும் எண்ணிக்கையைப் பார்க்காமல், துடிப்புகளை உயரவாரியாகப் பிரித்து எண்ணும் மல்டிசேனல் அனலைசரில் துடிப்பு உயர நிறமாலையை எடுங்கள். நல்ல ஹீலியம்-3 குழாயின் நிறமாலைக்கு ஓர் அடையாள வடிவம் உண்டு: வலது ஓரத்தில் 764 கேஇவி-யில் சிகரம், இடப்பக்கம் 573-இலும் 191-இலும் இரண்டு படிகள். உடைந்த துகள்களில் ஒன்று குழாயின் சுவரில் முட்டி நின்றுவிடுவதால் வரும் படிகள் அவை. 191-க்குக் கீழே ஒரு பள்ளம், அதற்கும் கீழே காமாவும் மின்னணு இரைச்சலும்.

வரம்பை அந்தப் பள்ளத்தில், 150–180 கேஇவி அளவில் வையுங்கள். அதற்குமேல் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். சோதனை ஓடும்போது எடுத்த நிறமாலையில் இந்தச் சிகரமும் படிகளும் அதே விகிதத்தில் உயர்ந்தால் நம்பலாம். பள்ளம் மட்டும் நிரம்பினால், அல்லது சிகரத்துக்கு அப்பால் ராட்சதத் துடிப்புகள் வந்தால், அது நியூட்ரான் அல்ல. எண் காட்டும் பெட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காசு இருந்தால் இரண்டாவது குழாய்க்கு முன் அனலைசரை வாங்குங்கள்.

ஒன்றும் ஓடாதபோதே எண்ணுகிறதே?

எண்ண வேண்டும். எண்ணாவிட்டால்தான் கருவி பழுது. மேல் வளிமண்டலத்தில் மோதும் காஸ்மிக் கதிர்கள் எப்போதும் நியூட்ரானைப் பொழிகின்றன. கடல் மட்டத்தில் நடு அட்சரேகைகளில் சதுர செ.மீ.க்கு நொடிக்கு 0.01-ஐ ஒட்டிய அளவு. பூமத்திய ரேகைக்கு அருகே புவிகாந்தப் புலம் பல கதிர்களைத் திருப்பிவிடுவதால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அதில் ஏறத்தாழப் பாதி. நியூயார்க்கை வைத்துத் தயாரித்த அட்டவணையை அப்படியே எடுத்து மதுரையில் பயன்படுத்தக் கூடாது. உயரம் கூடினால் வேகமாக ஏறும். ஊட்டியின் 2,200 மீட்டரில் சென்னையைப்போல் பல மடங்கு.

இந்தப் பின்னணி நிலையானதும் அல்ல. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் கூடும். புயல் சின்னம் வந்து 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் 7 சதவீதம் எகிறும். இன்னும் ஒரு நுட்பம்: வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம், அதிகாலை, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. வேறுபாடு 2–4 ஹெக்டோபாஸ்கல். காலையில் பின்னணி எடுத்துவிட்டு மாலையில் கலத்தை ஓட்டுகிறவருக்கு 2 சதவீத "உபரி" இனாமாகக் கிடைக்கும். ஒரு காற்றழுத்தச் சில்லை வாங்கி ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

மனித உடம்பே ஒரு தணிப்பான் என்பதையும் மறக்க வேண்டாம். கருவியின் அருகே ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாலோ, 20 லிட்டர் தண்ணீர் கேனை இடம் மாற்றினாலோ எண்ணிக்கை நகரும்.

சோதனை தொடங்கியதும் எண்ணிக்கை குதித்தது. கண்டுபிடித்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் குழு 1989 ஏப்ரல் 10 அன்று நியூட்ரான் வந்ததாக அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அவர்களுடைய போரான் ட்ரைஃபுளூரைடு கருவி வெப்பத்துக்கு எதிர்வினை காட்டியிருந்தது. சூடான கலத்தின் பக்கத்தில் வைத்தார்கள், எண் கூடியது. தேர்ந்த ஆய்வகத்துக்கே அந்தக் கதி.

பொய் எண்ணிக்கையின் மூலங்கள் மூன்று. முதலாவது மின்காந்த இரைச்சல். வில், தீப்பொறி, ரிலே, ஏசி கம்ப்ரசர், பக்கத்துப் பட்டறை வெல்டிங், செல்போன். குழாயிலிருந்து வரும் துடிப்பு மிகச் சிறியது, ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) எதையும் பெருக்கிக் காட்டும். இரண்டாவது ஈரப்பதம். 1,500 வோல்ட் இணைப்பிகளில் கடலோர ஈரக்காற்று படிந்தால் மின்கசிவு நியூட்ரானைப்போலவே துடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ப்ரீஆம்ப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடுங்கள். மின்னழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தே எண்ணத் தொடங்குங்கள். மூன்றாவது அதிர்வு: கேபிளைத் தட்டினாலே எண்ணும் கருவிகள் உண்டு. குமிழிகள் கொதிக்கும் கலத்தோடு ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

மெய்யா பொய்யா என்று பிரிக்க நான்கு சோதனைகள். இவற்றை ஒன்றுவிடாமல் செய்யாத அறிக்கையைப் படிக்க நேரம் செலவிட வேண்டியதில்லை.

குழாயைக் கழற்றிவிட்டு, அதே மின்தேக்கமுள்ள சிறிய கெப்பாசிட்டரை (சுமார் 10 பிகோஃபாரட்) ப்ரீஆம்பில் மாட்டி, சோதனையை முழுதாக ஓட்டுங்கள். ஒரு எண்ணிக்கை வந்தாலும் அது இரைச்சல். இவ்வளவு மலிவான, இவ்வளவு கறாரான சோதனை வேறு இல்லை. ஆனாலும் இதைச் செய்பவர்கள் அபூர்வம்.

அடுத்து, குழாய்க்கும் தணிப்பானுக்கும் இடையே 0.5–1 மி.மீ. காட்மியத் தகட்டைச் சுற்றுங்கள். மெதுவான நியூட்ரானைக் காட்மியம் விழுங்கிவிடும், எண்ணிக்கை சரிய வேண்டும். சரியவில்லை என்றால் வந்தது நியூட்ரான் இல்லை. தணிப்பானுக்கு வெளியே சுற்றினால் வேக நியூட்ரான்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும், பயனில்லை. காட்மியம் நச்சு உலோகம். கத்தரிக்கோலால் வெட்டலாம், ரம்பம் போட்டுத் தூசு கிளப்பக் கூடாது.

மூன்றாவது, ஒரே மாதிரி இரண்டு கருவிகள். ஒன்று 20 செ.மீ.-இல், மற்றொன்று 2 மீட்டரில். மெய்யான மூலம் என்றால் அருகிலுள்ளது பெரிதாக உயரும், தூரத்திலுள்ளது அசையாது. இரண்டும் ஒரே நொடியில் குதித்தால் மின்கம்பி வழியே வந்த இரைச்சல்.

நான்காவது, கனநீருக்குப் பதில் சாதாரண நீர். அதே மின்னோட்டம், அதே வெப்பநிலை, அதே நேரம். நாள் முழுக்க கனநீர், மறுநாள் முழுக்கச் சாதாரண நீர் என்று ஓட்டாமல் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எது எந்தக் கலம் என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமலிருப்பது இன்னும் நல்லது.

எவ்வளவு நேரம் எண்ணினால் நம்பலாம்?

ஒரு கணக்கு. பின்னணி மணிக்கு 60 என்று கொள்வோம். 10 மணி நேரப் பின்னணி 600. அதே நேரம் கலத்தை ஓட்டி ஒப்பிடும்போது, 95 சதவீத உறுதியோடு கண்டறியக்கூடிய மிகச் சிறிய உபரி: பின்னணியின் வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டினால் கிடைப்பது. 600-இன் வர்க்கமூலம் 24.5. ஆக 117 எண்ணிக்கை, மணிக்கு 11.7. கலத்திலிருந்து கிளம்பும் 200 நியூட்ரானில் ஒன்றைத்தான் உங்கள் ஏற்பாடு பிடிக்கிறது என்றால், அது மணிக்கு 2,340 நியூட்ரான், நொடிக்கு 0.65.

நேரத்தை நான்கு மடங்காக்கினால் எல்லை பாதியாகும், அவ்வளவுதான். கூடுதல் குழாய்கள் போட்டுப் பிடிப்புத் திறனை உயர்த்துவது அதைவிட லாபம்.

ஒரு பொதுவான தவறு, நூறு மணி நேரப் பதிவில் எங்கோ ஒரு மணி மட்டும் உயர்ந்திருப்பதைப் பிடித்துக்கொண்டு கொண்டாடுவது. நூறு மணிகளில் ஒன்றிரண்டு அப்படி இருக்கத்தான் செய்யும். எந்த நேரத் துண்டைப் பார்ப்பது என்று சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

திடீர் கொத்துகளாக நியூட்ரான் வருகிறது. அது என்ன?

பக்கத்தில் ஈயச் செங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். காஸ்மிக் துகள் ஒன்று ஈய அணுக்கருவில் மோதினால் ஒரே நேரத்தில் பல நியூட்ரான்கள் தெறிக்கும். காஸ்மிக் கதிர் ஆய்வு நிலையங்களின் நியூட்ரான் மானிட்டர்களில் ஈயத்தை அடுக்குவதே இந்தப் பெருக்கத்துக்காகத்தான். "கவசம்" என்று நினைத்து ஈயத்தைச் சுற்றி வைத்தால் பின்னணி கூடும், கொத்துகளும் கிடைக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் மிளிர்வானை வைத்து, மியூவான் (காஸ்மிக் கதிரில் வரும் துகள்) கடந்த கணத்தில் வந்த எண்ணிக்கைகளைத் தள்ளுபடி செய்யலாம்.

குமிழி உணர்விகள் மின் இரைச்சலுக்கு அசையாதாமே?

ஆமாம், அதுதான் அவற்றின் பெருமை. ஜெல்லுக்குள் மிகை வெப்பத் திரவத்துளிகள், நியூட்ரான் தாக்கினால் துளி குமிழியாகும். கண்ணால் எண்ணலாம். ஆனால் உணர்திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள். மைக்ரோசீவர்ட்டுக்கு 3 குமிழி தரும் உணர்வி, நொடிக்குப் பத்து லட்சம் நியூட்ரான் தரும் ஃப்யூசரிலிருந்து 1 மீட்டரில் மணிக்கு 36 குமிழி காட்டும். நொடிக்கு 10 நியூட்ரான் தரும் கலத்திலிருந்து 10 செ.மீ.-இல் வைத்தால் 28 மணி நேரத்துக்கு ஒரு குமிழி. காஸ்மிக் பின்னணியே அதற்கு ஈடாகக் குமிழி எழுப்பும். ஃப்யூசருக்குச் சரி, மின்னாற்பகுப்புக் கலத்துக்குச் சரிப்படாது. வெப்பநிலை ஈடுசெய்த வகைகளும் சுமார் 37 டிகிரி வரைதான் சரியாக நடக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் தானே குமிழி கிளம்பும்.

சிஆர்-39 பிளாஸ்டிக்கில் தடம் பார்ப்பது?

மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக். துகள் கடந்த இடம் காரத்தில் அரித்தால் குழியாகத் தெரியும். லிட்டருக்கு 250 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு (6.25 நார்மல்), 70 டிகிரி, 6–7 மணி நேரம். வெப்பநிலை ஒரு டிகிரி நகர்ந்தாலும் குழியின் அளவு மாறும், தெர்மோஸ்டாட் உள்ள நீர்த்தொட்டி கட்டாயம். கண் கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

பிடிப்புத் திறன் மிகக் குறைவு: 2.45 எம்இவி நியூட்ரான் பத்தாயிரத்தில் ஒன்று தடம் பதிக்கும். அதனால் வாரக்கணக்கில் வைக்க வேண்டும், அதற்குள் காற்றிலுள்ள கதிரியக்க வாயுவான ரேடானின் ஆல்ஃபா தடங்கள் சேர்ந்துவிடும். தயாரான நாளிலிருந்தே பின்னணி ஏறிக்கொண்டிருக்கும் பொருள் இது. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளில் பாதியைச் சோதனைக்கும் பாதியை ஒப்பீட்டுக்கும் வையுங்கள், அரிப்பதும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில். கலத்துக்குள் மின்பகுளியில் மூழ்கவைத்தால் வேதிச் சேதமும் குழிபோலத் தெரியும். வெளியே வைப்பதே மேல்.

2009-இல் அமெரிக்கக் கடற்படையின் சான் டியாகோ ஆய்வகத்தைச் சேர்ந்த பமேலா மோசியர்-பாஸ் குழு, ஒரே புள்ளியிலிருந்து பிரியும் மூன்று தடங்களை வெளியிட்டது. கார்பன் அணுக்கரு மூன்று ஆல்ஃபாவாக உடைந்த அடையாளம் அது. உடைக்க நியூட்ரானுக்குச் சுமார் 8 எம்இவி-க்கு மேல் வேண்டும், 2.45 போதாது. அத்தகைய வேக நியூட்ரான் காஸ்மிக் பின்னணியிலும் உண்டு என்பதால், ஒப்பீட்டுத் துண்டில் எத்தனை மும்முனைத் தடம் என்ற எண் இல்லாமல் அந்தப் படங்களால் பயனில்லை.

காமா நிறமாலையில் 2.22 எம்இவி சிகரம் தெரிந்தால் நியூட்ரான்தானே?

நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடித்தால் 2.223 எம்இவி காமா வரும் என்பது உண்மை. ஃப்ளைஷ்மன்–பான்ஸ் அதைத்தான் சான்றாகக் காட்டினார்கள். எம்ஐடி-யின் ரிச்சர்ட் பெட்ராசோ குழு அதைப் பிரித்துப் போட்டது: உண்மையான சிகரம் என்றால் 1.99 எம்இவி-யில் காம்ப்டன் விளிம்பும் (காமா தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் கருவியில் விட்டுச்செல்வதால் வரும் படி) இருக்க வேண்டும், இல்லை. சிகரத்தின் அகலமோ அந்தக் கருவியால் காட்டவே முடியாத அளவுக்குக் குறுகல்.

சோடியம் அயோடைடு காமா உணர்வி வைத்திருப்பவர் இன்னொரு பொறியையும் அறிய வேண்டும். ரேடான் வழியில் வரும் பிஸ்மத்-214 தரும் காமா 2.204 எம்இவி. இரண்டையும் பிரிக்கச் சோடியம் அயோடைடால் இயலாது, ஜெர்மேனியம் வேண்டும். ஜன்னலை மூடி வைத்தால் ரேடான் கூடும், "நியூட்ரான்" கூடும். தோரிய வரிசையின் 2.614 எம்இவி கோடு எங்கும் உண்டு. மணவாளக்குறிச்சி போன்ற மோனசைட் மணல் பகுதிகளில் நன்றாகவே தெரியும். அந்தக் காமா கனநீரிலுள்ள டியூட்டீரியத்தை உடைத்து மெய்யான நியூட்ரானையே எழுப்பும், ஏனெனில் அதற்குத் தேவை 2.225 எம்இவி-தான். எண்ணிக்கை மிகச் சொற்பம். ஆனாலும் கனநீர்க் கலத்தில் சிவப்பு நுனி கொண்ட தோரியம் கலந்த டங்ஸ்டன் வெல்டிங் கம்பியை மின்முனையாகப் போடாமலிருப்பது நல்லது.

மின்னணுவே இல்லாமல் உறுதி செய்ய வழி உண்டா?

கதிரியக்கமூட்டல்: நியூட்ரானைப் பிடித்த உலோகம் சிறிது நேரம் கதிரியக்கம் காட்டும். இண்டியத் தகட்டைத் தணிப்பானுக்குள் வைத்து ஒரு மணி நேரம் சோதனையை ஓட்டுங்கள், நிறுத்துங்கள், தகட்டை வேறு அறைக்கு எடுத்துப்போய்ப் பீட்டாவை எண்ணுங்கள். அரை ஆயுட்காலம் 54 நிமிடம். வெள்ளி என்றால் இரண்டு சரிவுகள்: 24.6 நொடி, 2.4 நிமிடம். அந்தச் சரிவை எந்த இரைச்சலும் நடிக்க முடியாது. ஃப்யூசருக்கு இதைவிட மறுக்க முடியாத சான்று இல்லை. நொடிக்கு லட்சம் நியூட்ரானுக்குக் கீழே என்றால் தகட்டில் தேறுவது பின்னணியில் கரைந்துவிடும்.

கருவியைச் சரிபார்க்க, தெரிந்த அளவு நியூட்ரான் தரும் மூலம் எங்கே கிடைக்கும்?

அமெரிசியம்–பெரிலியம், கலிஃபோர்னியம்-252 இரண்டும் வழக்கமானவை. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. இலங்கையில் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவை. உரிமம் பெற்ற பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கருவியை எடுத்துச்சென்று அளவிடுவதே நடைமுறை வழி. உங்கள் கலமும் மூலமும் ஒரே தூரத்தில், ஒரே தணிப்பானோடு இருக்கட்டும். அமெரிசியம்–பெரிலியத்தின் சராசரி ஆற்றல் 4 எம்இவி-யை ஒட்டியது, 2.45-க்கு நெருக்கமானது கலிஃபோர்னியம்தான். புகை உணர்வியிலிருந்து அமெரிசியத்தைப் பிரித்தெடுத்துப் பெரிலியத்தோடு சேர்க்கும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். சட்ட விரோதம் ஒருபுறம், நுரையீரலுக்குள் போன அமெரிசியமும் பெரிலியமும் திரும்பி வராது.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நியூட்ரான் கண்டார்களாமே?

1989-இல் பி. கே. ஐயங்கார் இயக்குநராக இருந்தபோது, மும்பை டிராம்பேயிலுள்ள அந்த மையத்தில் பல குழுக்கள் இதில் இறங்கின. எம். சீனிவாசனும் அவரும் நியூட்ரானையும் ட்ரிட்டியத்தையும் கண்டதாக அறிவித்தனர். வியப்பு அந்த விகிதத்தில் இருக்கிறது: வழக்கமான இணைவில் இரண்டும் ஏறத்தாழச் சமம், அவர்கள் கண்டதோ ஒரு கோடி ட்ரிட்டியத்துக்கு ஒரு நியூட்ரான் என்ற அளவு. அதே ஆண்டு பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகம் விரிவான தேடலில் எதுவும் காணவில்லை. கூகுள் நிதியில் நடந்து 2019-இல் வெளிவந்த பல பல்கலைக்கழகங்களின் கூட்டாய்வும் குளிர் இணைவுக்குச் சான்று காணவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு காட்டியது வேறு வகை: முடுக்கிய டியூட்டீரியத்தால் ஏற்கெனவே இணைவு நடக்கும் பல்லேடியத்தில், மின்வேதி முறையில் மேலும் டியூட்டீரியத்தை ஏற்றினால் இணைவு சுமார் 15 சதவீதம் கூடுகிறது. உள்ளே கொடுத்த ஆற்றலுக்கு முன் வெளிவருவது தூசு. ஆனால் கலோரிமீட்டரை நம்பாமல் நியூட்ரானை எண்ணியே நிறுவினார்கள்.

பழைய ஹீலியம்-3 குழாயை வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து. விற்பவரிடம் துடிப்பு நிறமாலைப் படம் கேளுங்கள், "எண்ணுகிறது" என்ற சொல்லை ஏற்காதீர்கள். நிரப்பு அழுத்தம் 4 வளிமண்டலமா 10-ஆ என்று மாதிரி எண்ணை வைத்துச் சரிபாருங்கள். கண்ணாடி–உலோக இணைப்பில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். கையில் வந்ததும் தணிப்பானில் வைத்து ஒரு வாரம் பின்னணி எடுங்கள். 764 கேஇவி சிகரம் கூர்மையாக, ஒரே இடத்தில் நின்றால் வாயு சுத்தம். சிகரம் இடப்பக்கம் சாய்ந்து அகன்றிருந்தால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.